ரிம் வாங்கும் முன் படியுங்கள்: வீல், டயர் அளவும் காரின் குலுக்கலும் (வேலூர் ரோட்டுக்கான முழு வழிகாட்டி)

நம்ம ஊரில் அடிக்கடி நடப்பது இது. பதினைந்து இன்ச் வீலோடு வந்த காருக்கு ஆசைப்பட்டு பதினேழு இன்ச் அலாய் (அலுமினியக் கலவை வீல்) மாட்டுவார்கள். பார்க்க ஜம்மென்று இருக்கும். ஒரு மாதம் கழித்து பின் சீட்டில் உட்காரும் அம்மா இடுப்பு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்ததும், ஷாக் அப்சார்பர் போய்விட்டது போலிருக்கு என்று மெக்கானிக்கிடம் வண்டியை விடுவார்கள். ஷாக் அப்சார்பர் நன்றாகத்தான் இருக்கும். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருந்த ரப்பரும் காற்றும்தான் குறைந்து போயிருக்கும்.

வேலையைச் சரியான வரிசையில் செய்தால் காசும் மிச்சம், இடுப்பும் மிச்சம். பெரும்பாலானவர்கள் ரிம்மை முதலில் வாங்கிவிட்டு அதற்கு டயர் தேடுகிறார்கள். டயர் அளவை முடிவு செய்துவிட்டு ரிம்முக்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

1. கையில் இருக்க வேண்டியவை

சொந்தமாக ஒரு பிரஷர் கேஜ், ஒரு டேப், செல்போனில் கால்குலேட்டர், வண்டியோடு வந்த கையேடு. இவ்வளவுதான்.

கேஜ் சொந்தமாக வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பங்க்கில் இருக்கும் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒரே கேஜில் எப்போதும் பார்த்தால், அது இரண்டு பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) தப்பாகக் காட்டினாலும் தப்பு ஒரே மாதிரி இருக்கும், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவு, காலி வண்டிக்கு எவ்வளவு காற்று, முழு லோடுக்கு எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடையில் நிற்கும்போது உதவும்.

2. எந்தக் குலுக்கல் என்று முதலில் பிரியுங்கள்

"வண்டி தூக்கிப் போடுது" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். அதற்குள் மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது பொடி அதிர்வு. தார் தேய்ந்து ஜல்லி வெளியே தெரியும் ரோட்டில் ஸ்டியரிங்கிலும் தரையிலும் விர்ரென்று வருவது. இதற்கு டயரும் காற்றும்தான் பொறுப்பு.

இரண்டாவது "டொக்" என்று விழும் அடி. சாக்கடைக்குத் தோண்டி சரியாக மூடாத தெரு, மேன்ஹோல் மூடி, காட்பாடிக்குப் போகும்போது பாலாற்றுப் பாலத்து இணைப்புகள் எல்லாம் இந்த வகை. டயரின் பக்கச்சுவர் உயரமும் வீலின் எடையும் இங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது ஆட்டம். வேகத்தடையில் இறங்கிய பிறகும் வண்டி இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் ஆடுகிறதென்றால் அது சஸ்பென்ஷன் வேலை. ஷாக் அப்சார்பர் உடம்பில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா பாருங்கள். சின்னப் பள்ளத்திலேயே "கடக் கடக்" என்று இரும்புச் சத்தம் வந்தால் சஸ்பென்ஷன் பாகங்களான லிங்க் ராடு, புஷ், லோயர் ஆர்ம் இவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது.

மூன்றாவது வகைக்கு எந்த டயர் மாற்றினாலும் தீராது. தேய்ந்த புஷ்ஷை அப்படியே வைத்துக்கொண்டு புது டயர் போட்டால், அந்த டயரும் ஒரு பக்கமாகத் தின்று போய்விடும், அவ்வளவுதான்.

3. காசு செலவில்லாத முதல் சோதனை: காற்று

புதிதாக வருகிறவர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். டயர் ஒரு ஸ்பிரிங் போல வேலை செய்கிறது, அந்த ஸ்பிரிங்கின் இறுக்கத்தில் பெரும் பங்கு உள்ளே இருக்கும் காற்றுக்கு. ஸ்டிக்கரில் 32 என்று இருக்க, பங்க் பையன் பழக்கதோஷத்தில் 38 அடித்திருந்தால், நீங்கள் நல்ல டயரையும் கட்டையாக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

காற்றை எப்போது பார்க்க வேண்டும் என்பதும் முக்கியம். காலையில், வண்டியை எடுக்கும் முன், டயர் ஆறி இருக்கும்போது. ஏறத்தாழ 5 முதல் 6 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் ஒரு பி.எஸ்.ஐ. கூடும். வேலூர் வெயில் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் காட்பாடி ஸ்டேஷன் வெளியே மதியம் நிறுத்திய வண்டியை அளந்தால், வெயில் பட்ட பக்கத்து டயர்கள் நிழல் பக்கத்து டயர்களை விடக் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துப் பதறி காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை அந்தப் பக்கம் மட்டும் குறைந்திருக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

மெத்தென்று இருக்கட்டும் என்று ஸ்டிக்கரில் உள்ளதற்குக் கீழே 26, 25 என்று இறக்குகிறவர்களும் உண்டு. செய்யாதீர்கள். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்கி விரிகிறது, அதில் சூடு கிளம்புகிறது. மே மாதத்தில் ஐந்து பேரோடு கிருஷ்ணகிரி பக்கம் ஹைவேயில் நூறில் போகும்போது டயர் வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். பள்ளத்தில் விழும்போது ரிம் விளிம்பு டயரை நசுக்கிக் கிழிப்பதும் இதனால்தான்.

நைட்ரஜன் போட்டால் மெத்தென்று இருக்குமா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சொகுசுக்கு அதில் ஒன்றும் இல்லை.

காற்றைச் சரிசெய்து ஒரு வாரம் ஓட்டுங்கள். குலுக்கல் போய்விட்டதென்றால் மீதியைப் படிக்கவே வேண்டாம்.

4. டயரில் எழுதியிருப்பதைப் படித்துக் கணக்குப் போடுங்கள்

185/65 ஆர்15 88எச் என்று எடுத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. 15 ரிம்மின் விட்டம், இன்ச்சில். 88 எடை தாங்கும் குறியீடு, ஒரு டயருக்கு 560 கிலோ. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை.

பலர் தடுமாறுவது அந்த 65-ல். 65 மில்லிமீட்டர் என்று நினைத்துவிடுகிறார்கள். 185-ல் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. பக்கச்சுவர். அகலம் மாறினால் அதே 65-க்கு உயரமும் மாறிவிடும், அதனால் இரண்டு டயர்களின் சதவீதத்தை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது.

மொத்த விட்டம் வேண்டுமா? ரிம் இன்ச்சை 25.4-ஆல் பெருக்கி, அதோடு பக்கச்சுவரின் இரண்டு மடங்கைக் கூட்டுங்கள். மேலே சொன்ன டயருக்கு 381 மி.மீ. ரிம், மேலும் கீழும் சேர்த்து 240.5, ஆக 621.5 மி.மீ.

இப்போது ஒரே மாதிரி மொத்த விட்டம் உள்ள நான்கைப் பாருங்கள்:

165/80 ஆர்14: பக்கச்சுவர் 132 மி.மீ., மொத்தம் சுமார் 620
185/65 ஆர்15: பக்கச்சுவர் 120 மி.மீ., மொத்தம் சுமார் 621
195/55 ஆர்16: பக்கச்சுவர் 107 மி.மீ., மொத்தம் சுமார் 621
205/45 ஆர்17: பக்கச்சுவர் 92 மி.மீ., மொத்தம் சுமார் 616

முதல் இரண்டும் மாருதி ஸ்விஃப்டில் வேரியன்ட்டைப் பொறுத்து வருபவை, மூன்றாவது பலேனோவின் மேல் வேரியன்ட்டுகளில் வருவது. வெளியே இருந்து பார்த்தால் வீல் வளைவுக்குள் எல்லாமே ஒரே அளவு இடத்தைத்தான் அடைக்கும். ஆனால் பதினாலிலிருந்து பதினேழுக்குப் போகும்போது அடி வாங்க வேண்டிய பக்கச்சுவர் 40 மி.மீ. காணாமல் போகிறது. அந்த நாற்பது மில்லிமீட்டருக்கு வேலை செய்ய இனி ரிம்மும் சஸ்பென்ஷனும் உங்கள் முதுகெலும்பும்தான் இருக்கின்றன.

5. ரிம் இன்ச்சை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

இங்கே ஒரு குழப்பம் வரும். "அவன் வண்டியில் பதினேழு இன்ச், அது மிதந்துகொண்டு போகுதே?" என்பார்கள். ஹூண்டாய் கிரெட்டாவில் 205/65 ஆர்16, 215/60 ஆர்17 என்று இரண்டு அளவுகள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலாவதில் பக்கச்சுவர் 133, இரண்டாவதில் 129. நான்கு மி.மீ. தான் குறைகிறது, அதே நேரம் மொத்த விட்டம் 673-லிருந்து 690 ஆகிறது.

மொத்த விட்டம் கூடினால் வீல் சின்னப் பள்ளங்களுக்குள் முழுசாக இறங்குவதில்லை, விளிம்பிலேயே தாண்டிவிடும். ஆகவே பெரிய வீல் குலுக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மொத்த விட்டத்தை மாற்றாமல் ரிம்மை மட்டும் பெரிதாக்கினால் குலுக்கும். வெளியே பொருத்தும் அலாய்கள் கிட்டத்தட்ட எல்லாமே இப்படி ரிம்மை மட்டும் பெரிதாக்கும் வகைதான், ஏனென்றால் வீல் வளைவுக்குள் அதற்கு மேல் இடம் இருக்காது.

சரி, அப்போது மொத்த விட்டத்தையும் கூட்டிவிடலாமே என்றால், கொஞ்சம்தான் கூட்டலாம். 185/65 ஆர்15-க்குப் பதில் 195/65 ஆர்15 போட்டால் விட்டம் 634.5, அதாவது 2 சதவீதம் அதிகம். மீட்டர் 100 காட்டும்போது உண்மையில் முன்பை விட 2 கிலோமீட்டர் வேகம் கூடியிருக்கும். தரையிலிருந்து வண்டி ஆறேழு மி.மீ. உயரும், பக்கச்சுவரும் அதே ஆறேழு மி.மீ. கூடும். நம்ம ரோட்டுக்கு இது கெட்ட மாற்றம் இல்லை. ஆனால் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போது உள்ளே உரசாமல் இருக்க வேண்டும். நான் யாருக்குச் சொன்னாலும் இரண்டு சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

சொகுசுதான் குறி என்றால் எனக்குத் தெரிந்து சிறந்த வழி மேலே போவது இல்லை, கீழே இறங்குவது. உங்கள் வண்டி டாப் வேரியன்ட், பதினாறு இன்ச் என்றால், அதே மாடலின் கீழ் வேரியன்ட்டில் பதினைந்து வருகிறதா பாருங்கள். பலேனோவில் 195/55 ஆர்16-க்குப் பதில் 185/65 ஆர்15 அப்படித்தான். கம்பெனியே அந்த வண்டிக்குக் கொடுத்த அளவு, பக்கச்சுவர் 13 மி.மீ. கூடுகிறது, டயரும் விலை குறைவு. ரிம்முக்கும் அலைய வேண்டாம். அலாய் மாற்றிக்கொண்டவர்கள் கழற்றிப்போட்ட ஸ்டீல் ரிம்கள் கடைகளில் கிடக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, பிரேக் கேலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) சின்ன ரிம்முக்குள் அடங்குகிறதா என்று ஒரு வீலை மட்டும் மாட்டி, கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

6. எடையும் தாங்கும் திறனும்

வீல், டயர், பிரேக் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. பள்ளத்தில் இவை மேலே எகிறும்போது அடக்க வேண்டியது ஷாக் அப்சார்பர். எடை கூடினால் எகிறுவதும் கூடும், திரும்ப ரோட்டைத் தொடவும் நேரமாகும். உள்ளே இருக்கிறவருக்கு அது தொடர்ந்து தடதடப்பாகத் தெரியும்.

அலாய் என்றாலே லேசு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பதினாலு இன்ச் ஸ்டீல் வீலை டயரோடு ஒரு பக்கமும், விலை குறைந்த பதினேழு இன்ச் அலாயை அகல டயரோடு மறுபக்கமும் வைத்தால், அலாய்ப் பக்கம் கனமாக இருப்பது சாதாரணம். சந்தேகமிருந்தால் பழைய இரும்புக் கடைத் தராசில் இரண்டையும் வைத்துப் பாருங்கள், கடைக்காரர் சிரிப்பார், ஆனால் விடை கிடைத்துவிடும்.

தாங்கும் திறனைப் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்தான தப்பு. 205/45 ஆர்17 டயர் சாதாரண வகையில் 84 குறியீட்டோடு வருகிறது, 500 கிலோ. நம்ம 185/65 ஆர்15 தாங்குவது 560. அகலமான, விலை கூடிய டயர் குறைவாகத் தாங்குகிறது! எக்ஸ்.எல். (கூடுதல் எடை தாங்கும் ரகம்) என்று எழுதிய வகை எடுத்தால் 88 கிடைக்கும், ஆனால் அந்த முழு எடையைத் தாங்க அதற்குக் காற்று கூடுதலாக வேண்டும், பக்கச்சுவரும் விறைப்பாக இருக்கும். பக்கச்சுவர் உயரத்தில் ஒரு முறை, காற்றில் ஒரு முறை என்று சொகுசை இரண்டு தடவை இழக்கிறீர்கள். குடும்பத்தோடு சாமான் ஏற்றி திருப்பதிக்கோ ஏலகிரிக்கோ போகிற வண்டி என்றால் கம்பெனி டயரில் உள்ள குறியீட்டுக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள்.

7. ரிம் பொருந்துமா?

அளவு முடிவான பிறகுதான் ரிம் கடை. நான்கு விஷயம் கேளுங்கள்.

போல்ட் வட்டம் (கடையில் பி.சி.டி. என்பார்கள்). ஸ்விஃப்ட், பலேனோவுக்கு 4 போல்ட், 100 மி.மீ. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் வட்டம் மாறினால் நட்டு கோணலாக ஏறும். "தட்டி மாட்டிடலாம் சார்" என்று சொன்னால் கிளம்பிவிடுங்கள்.

நடுத் துளை. இந்த வண்டிகளில் ஹப் (வீல் உட்காரும் நடுப்பாகம்) 54.1 மி.மீ. வெளியே விற்கும் அலாய்களில் எல்லா வண்டிக்கும் ஆகட்டும் என்று துளையைப் பெரிதாக விட்டிருப்பார்கள். இடைவெளியை அடைக்க ஹப் ரிங் வேண்டும். இல்லாவிட்டால் வீல் நூல் பிசகி உட்காரும், எண்பதுக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும், நீங்கள் பேலன்சிங் கடைக்குத் திரும்பத் திரும்ப அலைவீர்கள்.

ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. இது மாறினால் வீல் வெளியே தள்ளும் அல்லது உள்ளே போகும். வெளியே தள்ளி நிற்பது பார்க்க கம்பீரமாக இருக்கலாம், ஆனால் வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், பள்ளத்தில் ஸ்டியரிங் வெடுக்கென்று கையைப் பிடுங்கும்.

ரிம் அகலம். 185/65 ஆர்15-க்கு ஐந்தரை இன்ச் அகலம் பொருத்தம், ஐந்திலிருந்து ஆறரை வரை போகலாம். அகல ரிம்மில் குறுகிய டயரை இழுத்து மாட்டினால் பக்கச்சுவர் விறைத்துக்கொள்ளும், ரிம் விளிம்பும் வெளியே துருத்தும்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. அந்த மாடலுக்குக் கம்பெனி கொடுத்த அளவுகளுக்குள் நின்றால் பிற்பாடு வாக்குவாதத்துக்கு இடம் குறைவு. அதைத் தாண்டினால் மாட்டும் முன்பே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

8. டயர் ரகமும் தேதியும்

ஒரே அளவில் இரண்டு டயர்கள் இரண்டு விதமாக ஓடும். டூரிங் வகைகள் மெத்தென்றவை, ஸ்போர்ட் வகைகளின் பக்கச்சுவர் விறைப்பு. கட்டை போன்ற பட்டன் உள்ள ஆல் டெரெய்ன் டயரை ஜவ்வாது மலைப் பக்கம் அடிக்கடி போகிறவர் போடட்டும். சத்துவாச்சாரியிலிருந்து ஆபீஸ் போய் வருகிறவருக்கு அது வெறும் இரைச்சல்.

பக்கச்சுவரில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2423 என்றால் 2023-ம் ஆண்டின் 24-வது வாரத்தில் செய்தது. சில நேரம் அது உள் பக்கம் இருக்கும், குனிந்து பாருங்கள். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் இறுகும், நம்ம வெயிலில் கேட்கவே வேண்டாம். ஆஃபர் டயரில் இந்தத் தேதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்கள் பழைய டயர் பட்டன் நன்றாக இருந்தும் ஆறு வருடம் தாண்டியிருந்தால், குலுக்கலுக்கு அந்த இறுகிய ரப்பரே காரணமாக இருக்கலாம். அளவை மாற்றாமல் புதிதாக அதே அளவு போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

9. மாட்டும் நாளில் வரிசை

டயரில் சுழலும் திசை அம்புக்குறி, "அவுட்சைட்" என்ற எழுத்து இருந்தால் மாட்டும் முன் பையனிடம் காட்டுங்கள். தப்பாக மாட்டிவிட்டுக் கழற்றித் திரும்ப மாட்டினால் பீடு (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு) கெடும்.

ரிம்மில் மாட்டியதும் பேலன்சிங். பிறகு ஹப்பின் துருவைத் துடைத்துவிட்டு வீலை வைத்து, நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக இறுக்க வேண்டும். ஏர் கன்னில் ஒரே மூச்சில் அடித்தால் வீல் சமமாக உட்காராது. கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), கையேட்டில் உள்ள அளவுக்கு.

அடுத்தது அலைன்மென்ட். இதை வீல் மாட்டுவதற்கு முன் செய்து பயனில்லை, ஆனால் "நேற்றுதான் பண்ணினேன்" என்று தவிர்க்கிறவர்கள் நிறைய.

கடையை விட்டுக் கிளம்பும் முன் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பின் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து ஒரு வேகத்தடை ஏறி இறங்குங்கள். உரசினால் அங்கேயே தெரிந்துவிடும். காலி வண்டியில் சோதித்துவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் கல்யாணத்துக்கு ஆளேற்றும்போது கண்டுபிடிக்கிறவர்கள்தான் அதிகம்.

10. ஓட்டிப் பார்ப்பது

பழைய டயரோடும் புது டயரோடும் ஒரே வழி, ஒரே காற்று, ஒரே ஆட்கள். இல்லாவிட்டால் ஒப்பிட்டுப் பயனில்லை. கிரீன் சர்க்கிளில் ஆரம்பித்து சர்வீஸ் ரோட்டில் கொஞ்ச தூரம், பாலாற்றுப் பாலம், விருதம்பட்டு, காட்பாடி. திரும்பி வந்து ஹைவேயில் பள்ளிகொண்டா வரை. பொடி அதிர்வு, "டொக்", ஹைவே இரைச்சல் மூன்றும் இதில் வந்துவிடும். நீங்கள் ஓட்டும்போது வேறு யாராவது பின் சீட்டில் உட்காரட்டும், அவர் சொல்வதை நம்புங்கள். காசு கொடுத்தவருக்கு எல்லாம் மெத்தென்றுதான் தெரியும்.

புது டயர் முதல் சில நூறு கிலோமீட்டர் கொஞ்சம் வழுக்கும், அதுவரை பிரேக்கை நம்பி விரட்ட வேண்டாம். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

கடைசியாக ஸ்டெப்னி. நான்கு வீலையும் மாற்றிவிட்டு டிக்கியில் கிடப்பதை மறந்துவிடுவார்கள். மொத்த விட்டம் கிட்டத்தட்ட ஒன்று என்றால் பழைய ஸ்டெப்னியே அவசரத்துக்குப் போதும். ஆனால் அலாய்க்கு வந்த நட்டு ஸ்டீல் ரிம்முக்குப் பொருந்தாமல் போகலாம், இரண்டின் இருக்கை வடிவமும் வேறாக இருக்கும். பழைய நட்டு ஒரு செட்டை ஜாக்கியோடு ஒரு பையில் போட்டு வையுங்கள்.